கை நசுங்கியிருக்கிறது, டிக்கெட் தயார் என்கிறார்கள்: ஊருக்கு வரலாமா?

கேள்வி: என் கணவர் சிங்கப்பூரில் கட்டுமான வேலை செய்கிறார். மூன்று வாரத்துக்கு முன் கம்பிக் கட்டு சரிந்து இடது கையில் இரண்டு விரல்கள் நசுங்கிவிட்டன. கம்பெனி அழைத்துப்போன கிளினிக்கில் 2 நாள் எம்சி (மருத்துவ விடுப்புச் சான்று) கொடுத்தார்கள். இப்போது, "வேலை பெர்மிட்டை ரத்து செய்துவிட்டோம், டிக்கெட் தயார், ஊரில் வைத்தியம் பார்த்துக்கொள்" என்கிறார்கள். ஏதோ ஒரு தாளில் கையெழுத்தும் வாங்கியிருக்கிறார்கள். ஊர்க்காரர் ஒருவர், வக்கீல் வைத்துப் பெரிய தொகை வாங்கித் தருவதாகவும் 20 சதவீதம் தந்தால் போதும் என்றும் சொல்கிறார். வட்டிக்கு வாங்கிய கடன் நிற்கிறது. என் கணவர் வந்துவிடலாமா?
- வாசகி, புதுக்கோட்டை மாவட்டம்

பதில்: சகோதரி, இப்போது வர வேண்டாம். விபத்து பற்றி சிங்கப்பூர் மனிதவள அமைச்சில் பதிவாகி, இழப்பீட்டுக் கோரிக்கை உள்ளே போகும்வரை அவர் விமானம் ஏறக் கூடாது. பெர்மிட் ரத்தானால் இழப்பீடும் போய்விடும் என்று சொல்லியிருப்பார்கள். அது பொய். வேலையிட விபத்து இழப்பீட்டுச் சட்டம், விபத்து நடந்த அன்று அவர் வேலையில் இருந்தாரா என்பதைத்தான் பார்க்கிறது. தவறு யாருடையது என்ற கேள்வியே அதில் இல்லை. கோரிக்கை வைக்க விபத்து நாளிலிருந்து ஓராண்டு அவகாசம் உண்டு. ஊருக்கு வந்த பிறகும் உரிமை இருக்கும். ஆனால் ஸ்கேனுக்கும் மருத்துவரின் மதிப்பீட்டுக்கும் புதுக்கோட்டையிலிருந்து அவர் எப்படி அலைவார்?

முதலாளி ஏன் இவ்வளவு அவசரப்படுகிறார்? இந்தியத் தொழிலாளி ஒவ்வொருவருக்கும் அவர் அரசிடம் 5,000 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) பிணை வைத்திருக்கிறார். ஆள் நாடு திரும்பினால்தான் அந்தப் பிணையிலிருந்து அவருக்கு விடுதலை. காயம்பட்டவரை வேகமாக அனுப்பிவைப்பவருக்கு ஆதாயம் கிடைக்கும்படி அமைந்த ஏற்பாடு இது. எத்தனை ஆண்டுகளாக எத்தனை பேர் எடுத்துச் சொல்லியும் அது அப்படியே இருக்கிறது.

அந்த 2 நாள் எம்சியை நம்பி உட்கார வேண்டாம். கையில் எலும்பு முறிந்து அறுவை சிகிச்சை செய்துகொண்ட ஒரு கட்டுமானத் தொழிலாளிக்கு 2 நாள் மட்டும் விடுப்பு எழுதிக்கொடுத்த மருத்துவரை, 2016-இல் சிங்கப்பூர் உயர் நீதிமன்றம் ஆறு மாதம் தொழில் செய்யத் தடை விதித்துத் தண்டித்தது. உங்கள் கணவர் நாளையே அரசு மருத்துவமனை ஒன்றின் அவசரப் பிரிவுக்குப் போகட்டும். எங்கே, எந்த வேலையில், எத்தனை மணிக்கு அடிபட்டது என்பதை மருத்துவர் பதிவேட்டில் எழுதவைக்க வேண்டும். ஒரு நாள் எம்சி கொடுத்திருந்தாலும், விபத்து தெரியவந்த 10 நாளுக்குள் முதலாளி அமைச்சுக்குத் தெரிவித்தாக வேண்டும். அவர் தெரிவிக்கவில்லை என்றால் உங்கள் கணவரே தெரிவிக்கலாம்.

இனி அந்த ஊர்க்காரர். இவர்களை எனக்கு நன்றாகத் தெரியும். லிட்டில் இந்தியாவில் சாப்பாட்டுக் கடைப் பக்கமும் மருத்துவமனை வாசலிலும் நின்று, கட்டுப் போட்ட கையைப் பார்த்ததும் "தம்பி எந்த ஊர்?" என்று ஆரம்பிப்பார்கள். இந்தச் சட்டத்தின் கீழ் வக்கீலே தேவையில்லை. ஊனம் எத்தனை சதவீதம், சராசரி மாதச் சம்பளம் எவ்வளவு, வயது என்ன என்பதை வைத்துத் தொகை கணக்காகிறது. பேரம் பேசி அதை யாரும் உயர்த்த முடியாது. கூடுதல் நேர ஊதியமும் அந்தச் சராசரியில் சேரும் என்பதால் சம்பளச் சீட்டுகளைப் பத்திரமாக வைத்திருக்கச் சொல்லுங்கள். இந்தத் தரகர்கள் "பெரிய தொகை" என்பது சிவில் வழக்கைத்தான். அதற்குப் போனால் இந்தக் கோரிக்கையைக் கைவிட வேண்டும், முதலாளியின் கவனக்குறைவையும் நிரூபிக்க வேண்டும். தோற்றால் கையில் ஒன்றும் இல்லாமல் போகும் ஆபத்து உண்டு. வழக்கில் கிடைக்கும் பணத்தில் பங்கு கேட்பது அங்கே வக்கீலுக்கே அனுமதிக்கப்படாதது. இவருக்கு ஏது 20 சதவீதம்? ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள். 'ஹோம்', 'டிடபிள்யூசி டூ' போன்ற, சிங்கப்பூரில் வெளிநாட்டுத் தொழிலாளருக்கு உதவும் அமைப்புகள் காசு வாங்காமல் வழிகாட்டுகின்றன.

கையெழுத்துப் போட்ட தாளை நினைத்துப் பயப்பட வேண்டாம். இழப்பீட்டு உரிமையை விட்டுக்கொடுப்பதாக எழுதி வாங்கினால் அது செல்லாது. ஒரே ஒரு தாள் மட்டும் வேறு வகை. காயம் ஆறி, மருத்துவர் ஊனத்தை அளந்த பிறகு, தொகையைக் குறிப்பிட்டு மதிப்பீட்டு அறிவிப்பு ஒன்று வரும். அதில் உடன்பாடு இல்லையென்றால் 14 நாளுக்குள் ஆட்சேபம் தெரிவிக்க வேண்டும். தெரிவிக்காவிட்டால் அதுவே முடிவு. கையெழுத்துப் போட்டால் அல்ல, பேசாமல் இருந்தால் உரிமை போகும் இடம் இது. ஆங்கிலத்தில் இருக்கிறது, பிறகு பார்க்கலாம் என்று பெட்டியில் வைத்துவிடுகிறார்கள். விலாசமும் போன் எண்ணும் மாறினால் அன்றைக்கே அமைச்சுக்குத் தெரிவிக்கச் சொல்லுங்கள்.

அதுவரை எப்படிப் பிழைப்பது? மருத்துவமனையில் படுக்காதவருக்கு எம்சி நாட்களில் முதல் 14 நாள் முழுச் சம்பளம், பிறகு மூன்றில் இரண்டு பங்கு. பெர்மிட் போனால், அங்கே தற்காலிகமாகத் தங்க ஸ்பெஷல் பாஸ் கொடுப்பார்கள். அதை வைத்து வேலை செய்ய முடியாது. இங்கேதான் எனக்குக் கோபம் வருகிறது. மாதக்கணக்கில் ஒரு மனிதனைச் சும்மா உட்காரவைத்தால் அவனுடைய கடனுக்கு யார் வட்டி கட்டுவது? பசியிலும் வெறுப்பிலும் பாதியில் ஊர் திரும்பியவர்களை நிறையப் பார்த்துவிட்டேன். சோறும் தங்குமிடமும் முதலாளியின் பொறுப்பு. வெளியே துரத்தினால் உடனே அமைச்சில் புகார் செய்யட்டும். டிடபிள்யூசி டூ லிட்டில் இந்தியாவில் காயம்பட்டவர்களுக்கு இலவசமாகச் சாப்பாடு போடுகிறது. அங்கே போகக் கூச்சப்பட வேண்டாம் என்று நீங்களே சொல்லுங்கள்.

வலுக்கட்டாயமாகச் சாங்கி விமான நிலையத்துக்குக் கொண்டுபோனாலும் பதற வேண்டாம். குடிநுழைவு முகப்பில் இருக்கும் அதிகாரியிடம், "எனக்கு வேலையில் காயம், இழப்பீடு முடியவில்லை, நான் போக விரும்பவில்லை" என்று சொல்லட்டும். ஆங்கிலம் வராவிட்டால் கையைக் காட்டி "எம்ஓஎம்" (மனிதவள அமைச்சின் ஆங்கிலச் சுருக்கம்) என்று மட்டும் சொன்னால்கூடப் போதும். எம்சி, பெர்மிட், கையின் புகைப்படம் மூன்றையும் இன்று இரவே உங்கள் போனுக்கு அனுப்பிவைக்கச் சொல்லுங்கள். அவருடைய போனைப் பிடுங்கிக்கொண்டால் உங்களிடம் இருக்கும்.