தைவானைப் பார்த்தபடி ஒரு ஜப்பானியத் தீவு: வாசகர் கேள்வி பதில்

சென்ற இதழில் ஒரு வாசகருக்குப் பதில் சொல்லும்போது, ஜப்பானின் மேற்குக் கோடியில் கிடக்கும் யோனகுனி தீவைப் பற்றி நாலு வரி எழுதியிருந்தேன். அதைப் பிடித்துக்கொண்டு வந்து குவிந்த கேள்விகளைப் பார்த்ததும் மனசு நிறைந்துவிட்டது. எனக்கு மிகவும் பிடித்த ஊர் அது. அதனால் இந்த முறை வேறு எதுவும் இல்லை, முழுக்க யோனகுனிதான்.

கே: அந்தத் தீவு சரியாக எங்கே இருக்கிறது? ஜப்பானை விடத் தைவானுக்குத்தான் பக்கம் என்கிறீர்களே, நம்பவே முடியவில்லை.

ப: நம்பலாம். தைவான் கரை 111 கிலோமீட்டர். கொஞ்சம் பெரிய ஜப்பானிய ஊர் வேண்டுமென்றால் இஷிகாகி தீவுக்குப் போக வேண்டும், அது ஏறக்குறைய 127. ஒகினாவா மாகாணத்தின் தலைநகரான நாஹா 500 கிலோமீட்டருக்கு மேல். டோக்கியோவோ 2000 கிலோமீட்டர் தள்ளி. தீவின் பரப்பு 29 சதுர கிலோமீட்டருக்குள் அடங்கிவிடும், ஜனத்தொகை சுமார் 1700. சோனாய், குபுரா, ஹிகாவா என்று மூன்றே ஊர்கள்.

வானம் நன்றாகத் தெளிந்திருக்கும் நாளில் மேற்கு முனையான இரிசாகியில் நின்றால் தைவானின் மலைத்தொடர் கண்ணுக்குத் தெரியும். வருஷத்தில் சில நாட்கள்தான் அந்தக் கொடுப்பினை. அந்த மலையில் இருப்பவர் கடிகாரம் உங்கள் கடிகாரத்தை விட ஒரு மணி நேரம் பின்னால் ஓடும்.

கே: இப்படி ஒதுக்குப்புறமான இடத்தில் மனிதர்கள் எப்படித்தான் காலம் தள்ளுகிறார்களோ! பாவமாக இருக்கிறது.

ப: பாவப்பட வேண்டாம். "ஒதுக்குப்புறம்" என்று எங்கிருந்து பார்த்துச் சொல்கிறோம், டோக்கியோவிலிருந்துதானே? குபுரா மீனவரின் இடத்திலிருந்து பார்த்தால் கதை வேறு.

1895 முதல் 1945 வரை தைவான் ஜப்பானின் ஆட்சியில் இருந்தது. அந்த ஐம்பது வருஷமும் யோனகுனிக்காரர்களுக்கு 'டவுன்' என்றால் தைவான்தான். வேலை தேடி அங்கே போனார்கள், படிக்கப் போனார்கள், வைத்தியத்துக்குப் போனார்கள், பிடித்த மீனை அங்கே கொண்டுபோய் விற்றார்கள். தைவான் பணம் தீவில் சகஜமாகப் புழங்கியது. 1945-ல் போர் முடிந்தது, நடுக்கடலில் ஒரு கோடு விழுந்தது. நேற்று வரை சந்தைக்குப் போன வழி இன்று வெளிநாட்டுப் பயணமாகிவிட்டது! ஆனால் வயிறு கோட்டைப் பார்க்குமா? அடுத்த சில வருஷங்கள் யோனகுனி ஒரு பெரிய கடத்தல் துறைமுகமாகவே இருந்தது. தைவானிலிருந்து அரிசியும் சர்க்கரையும் வரும், ஒகினாவாவின் அமெரிக்க முகாம்களிலிருந்து நழுவிய சாமான்கள் எதிர்த் திசையில் போகும், ஹாங்காங் வரை வியாபாரம் நீளும். ஜனத்தொகை பத்தாயிரத்தைத் தாண்டியதாம், குபுராவில் ராத்திரியெல்லாம் விளக்கு எரியுமாம், பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் கூட மூட்டை தூக்கிச் சம்பாதித்தார்கள் என்று பெரியவர்கள் சொல்வார்கள். போருக்குப் பின் ஒகினாவாவை ஆண்ட அமெரிக்க நிர்வாகம் கெடுபிடியை இறுக்கியதும் எல்லாம் அடங்கியது, ஜனங்கள் கிளம்பினார்கள். 1972-ல் ஒகினாவாவோடு சேர்ந்து தீவு ஜப்பானிடம் திரும்பியது.

கடலின் அகலம் அன்றும் இன்றும் அதேதான். யோனகுனி கோடிக்குப் போனது அந்தக் கோட்டால்தான் என்பது என் உறுதியான எண்ணம். தைவானின் ஹுவாலியன் நகரத்தோடு 1982-லேயே சகோதர நகர ஒப்பந்தம் போட்டுக்கொண்டு, பழைய வழியைத் திறக்க இவர்கள் இன்னும் பாடுபடுகிறார்கள். அந்த முயற்சி ஜெயிக்க வேண்டும் என்று மனதார ஆசைப்படுகிறேன்.

கே: தீவு பார்க்க எப்படி இருக்கும்? வெள்ளை மணல், தென்னை மரம், நீலக் கடல்தானே?

ப: நீலக் கடல் உண்டு, மணல் கடற்கரையும் ஒன்றிரண்டு உண்டு. ஆனால் இந்தத் தீவின் முகம் பாறைதான். சுற்றுக்கரையில் பெரும்பகுதி செங்குத்தாகக் கடலில் இறங்கும். தென்கிழக்குப் பக்கம் தாதெகாமி-இவா என்று ஒற்றைப் பாறை தண்ணீருக்குள்ளிருந்து தூண் மாதிரி எழுந்து நிற்கும், ஊர்க்காரர்களுக்கு அது தெய்வம். உச்சியில் புல்வெளி, அதன் ஓரத்தில் காற்றுக்குக் குனிந்த தாழைப் புதர்கள். உள்ளே போனால் கரும்பு, கொஞ்சம் நெல், அப்புறம் காடு. மிக உயரமான உராபு மலை 231 மீட்டர்தான். அந்தக் காட்டில்தான் உள்ளங்கையை விடப் பெரிய அட்லஸ் அந்துப்பூச்சி இருக்கிறது. இறக்கை விரித்தால் 20 சென்டிமீட்டரைத் தாண்டும், செம்பழுப்பு நிறம், இறக்கை நுனியில் பாம்புத் தலை மாதிரி ஒரு கோலம். வளர்ந்த பூச்சிக்கு வேலை செய்கிற வாயே கிடையாது. புழுவாக இருந்தபோது தின்றதை வைத்துக்கொண்டு சில நாள் வாழ்ந்து, முட்டையிட்டுவிட்டுச் செத்துப்போகும். தீவில் இதற்கென்றே ஓர் அருங்காட்சியகம் வைத்திருக்கிறார்கள்.

புயலையும் சொல்லிவிட வேண்டும். 2015 செப்டம்பர் 28 அன்று இங்கே பதிவான காற்றின் உச்ச வேகம் நொடிக்கு 81.1 மீட்டர், அதாவது மணிக்கு 290 கிலோமீட்டருக்கு மேல்.

கே: யோனகுனி கடலுக்கடியில் இருக்கும் பிரமிடு குமரிக்கண்டத்தோடு தொடர்புடையது என்று ஒரு வீடியோவில் பார்த்தேன். உண்மையா?

ப: இல்லை. கேட்டதில் தப்பில்லை, நிறையப் பேருக்கு இந்தச் சந்தேகம் வந்திருக்கிறது.

1986-ல் உள்ளூர் முக்குளிப்பு வழிகாட்டி ஒருவர், கொம்பன் சுறாக் கூட்டங்களைக் காட்ட நல்ல இடம் தேடித் தென்கரையோரம் இறங்கியபோது கண்டது அது. படிக்கட்டு மாதிரி, மேடை மாதிரி, நேர்கோட்டில் வெட்டின மாதிரி ஒரு பிரம்மாண்டமான பாறை. உச்சி நீர்மட்டத்துக்குச் சில மீட்டர் கீழே, அடி 25 மீட்டர் ஆழத்தில். ரியூக்யூ பல்கலைக்கழகப் பேராசிரியர் கிமுரா மசாஅகி இது மனிதர் கைபட்டதுதான் என்று பல வருஷம் வாதாடினார். இறங்கிப் பார்த்த புவியியலாளர் ராபர்ட் ஷாக், பெரும்பாலும் இயற்கையே செய்த வேலை என்றார். நானும் இந்தப் பக்கம்தான். காரணம் எளிது: அது மணற்கல்லும் சேற்றுக்கல்லும் அடுக்கடுக்காகப் படிந்த பாறை, சுமார் 2 கோடி வருஷத்துப் பழசு. படிவுகளின் மட்டத்தில் கிடையாகவும், நிலநடுக்கம் உண்டாக்கிய விரிசல்களில் நெடுக்காகவும் அது தானாகவே பிளக்கும், பிளந்ததை அலை இழுத்துக்கொண்டு போகும். மிச்சம் நிற்பது படிக்கட்டு. தண்ணீருக்கு மேலேயே, அதே தீவின் கரையில், அதே மாதிரி படிகளை நீங்கள் ஏறி இறங்கிப் பார்க்கலாம். ஜப்பான் அரசு இதைத் தொல்லியல் சின்னமாக அறிவிக்கவும் இல்லை.

மனிதன் செய்யவில்லை என்றால் மதிப்புக் குறைந்துவிடுமா? அவ்வளவு பெரிய பாறையை ஓர் உளி கூட இல்லாமல் கடல் செதுக்கியிருக்கிறது என்பதைக் கேட்டால் எனக்குப் புல்லரிக்கிறது.

கே: நெடுந்தீவில் குதிரைகள் சுற்றுவது போல யோனகுனியிலும் உண்டாமே?

ப: உண்டு. ஜப்பானுக்கே உரிய எட்டுக் குதிரை இனங்களில் யோனகுனிக் குதிரையும் ஒன்று. தோள் உயரம் ஏறக்குறைய 120 சென்டிமீட்டர், செம்பழுப்பு நிறம், சாது. ஒரு காலத்தில் கரும்பும் நெல்லும் சுமந்தவை. டிராக்டரும் லாரியும் வந்தபின் வேலை போனது, எண்ணிக்கையும் விழுந்தது, 1970-களில் ஊர்க்காரர்களே கூடிக் காப்பாற்றினார்கள். இன்று நூற்றுக்கு மேல் இருக்கின்றன.

கிழக்கு முனையான அகாரிசாகிக்குப் போகும் சாலையில் பார்க்க வேண்டும். மேய்ச்சல் நிலம் தொடங்கும் இடத்தில் சாலையின் குறுக்கே ஒரு பள்ளம் வெட்டி, அதன்மேல் இரும்புக் கம்பிகளை இடைவெளி விட்டுப் பதித்திருப்பார்கள். வண்டி தடதடவென்று கடந்துவிடும், குளம்பு வைத்த பிராணி கால் சிக்கும் என்று பயந்து தாண்டாது. இதற்கு அங்கே 'டெக்சாஸ் கேட்' என்று பெயர். அதைத் தாண்டிவிட்டால் வேலி கிடையாது, சாலை குதிரைகளுடையது. நடுரோட்டில் நின்றபடி தூங்கும், சாணி எங்கும் கிடக்கும், நீங்கள்தான் வண்டியை நிறுத்திக் காத்திருக்க வேண்டும்.

கே: கர்ப்பிணிகளைப் பாறைப் பிளவு தாண்ட வைத்தார்கள் என்று படித்து ராத்திரி தூக்கமே வரவில்லை. உண்மையிலேயே நடந்ததா?

ப: குபுரா பாரி என்கிற இடம் அது. தரையில் பிளந்த பாறை, அகலம் மூன்று மீட்டருக்கு மேல், ஆழம் ஏழெட்டு மீட்டர். 1637 முதல் 1903 வரை இந்தத் தீவுகளில் தலைவரி இருந்தது. 15 முதல் 50 வயது வரை ஒவ்வொரு தலைக்கும் வரி, விளைச்சல் இருந்தாலும் இல்லாவிட்டாலும். ஆண்கள் தானியமாகக் கட்டினார்கள், பெண்கள் துணி நெய்து கட்டினார்கள். வாய்களின் எண்ணிக்கையைக் குறைக்கக் கர்ப்பிணிகளைத் தாண்டச் சொன்னதாகக் கதை. விழுந்தவள் செத்தாள், தாண்டியவளுக்கும் கரு தங்கவில்லை என்பார்கள். அப்படியே நடந்தது என்பதற்கு ஆவணம் எதுவும் இல்லை, வாய்வழிக் கதைதான். ஆனால் வரியும் பட்டினியும் ஆவணத்தில் இருக்கின்றன. அந்தக் கதையை ஜனங்கள் ஏன் இத்தனை தலைமுறையாகச் சொல்லிக்கொண்டு வந்தார்கள் என்பதற்கு அதுவே போதும்.

எழுதப் படிக்கத் தெரியாத ஜனங்கள் இந்த வரிக் கணக்கை வைத்துக்கொள்ளச் சித்திர எழுத்து ஒன்றைப் பயன்படுத்தினார்கள், கைதா எழுத்து என்று பெயர். மாடு, கோழி, நெல் அளவு, எந்தக் குடும்பம் என்பதற்கெல்லாம் ஒவ்வொரு குறி. இன்று அவை சட்டையில் அச்சடித்து விற்பனைக்கு வருகின்றன.

கே: 60 டிகிரி சாராயம் காய்ச்சுகிறார்களாமே?

ப: ஆமாம், ஹனாசாகே. 60 டிகிரி என்றால் நூற்றுக்கு 60 பங்கு ஆல்கஹால். அரிசியிலிருந்து வடிக்கும்போது முதலில் சொட்டுகிற, போதைச்சத்து மிகுந்த பகுதி. ஒகினாவாவின் அரிசிச் சாராயமான அவாமோரி 45 டிகிரிக்குள்தான் இருக்க வேண்டும் என்பது சட்டம், 60 டிகிரி வரை வடிப்பது இந்தத் தீவின் தனி வழக்கம். குபா பனையோலையால் சுற்றிய புட்டியில் விற்பார்கள். தீக்குச்சி கிழித்தால் பற்றிக்கொள்ளும்.

ஆனால் இதைக் குடிகாரர்கள் சமாச்சாரமாகப் பார்க்காதீர்கள். இங்கே ஒருவர் இறந்தால் சவப்பெட்டியோடு இரண்டு புட்டி ஹனாசாகேயும் கல்லறைக்குள் வைப்பார்கள். ஏழு வருஷம் கழித்துக் கல்லறையைத் திறந்து, எலும்புகளை எடுத்துக் கழுவிச் சுத்தம் செய்வார்கள். அப்போது அந்த மதுவும் வெளியே வரும், எலும்பின்மேல் ஊற்றித் தீ மூட்ட அதுதான் உதவும், வந்தவர்களுக்கும் பங்கு உண்டு. அந்தக் கல்லறைகள் சோனாய்க்குக் கிழக்கே உரானோவில், கடலைப் பார்த்த புல்மேட்டில், ஆமை முதுகு வடிவத்தில், ஒவ்வொன்றும் ஒரு சின்ன வீடு அளவுக்கு வரிசையாக இருக்கின்றன. யாருடைய குடும்பக் கல்லறை என்பதை நினைத்துக்கொண்டு, ஏறி மிதிக்காமல் நடங்கள்.

கே: அவர்கள் பேசுவது ஜப்பானிய மொழிதானா?

ப: எல்லோருக்கும் ஜப்பானியம் தெரியும். ஆனால் தீவின் சொந்த மொழி வேறு, தீவை அதில் 'துனான்' என்பார்கள், டோக்கியோக்காரருக்கு ஒரு வாக்கியம் கூடப் புரியாது. நன்றி சொல்ல 'ஃபுகராசா'. யுனெஸ்கோ 2009-ல் இதைக் கடுமையாக அழிவை எதிர்நோக்கும் மொழிகளில் சேர்த்தது. சரளமாகப் பேசுகிறவர்கள் அநேகமாக முதியவர்கள். தீவில் மேல்நிலைப் பள்ளி இல்லாததால் பிள்ளைகள் 15 வயதிலேயே வெளியூர் போய்விடுகிறார்கள், தாத்தா பாட்டியோடு பேசிப் பழக வேண்டிய வயசில் விடுதியில் இருக்கிறார்கள். அப்புறம் மொழி எப்படி நிற்கும்? திருவிழாவில்தான் இன்னும் உயிரோடு இருக்கிறது. சந்திர நாட்காட்டியின் பத்தாம் மாதத்தில் 'மச்சிரி' என்று 25 நாள் வழிபாடு, அந்த நாட்களில் நாலுகால் பிராணிகளின் இறைச்சியைத் தொட மாட்டார்கள். முன்னின்று நடத்துபவர்கள் பெண் பூசாரிகள். பெண்களுக்கு அந்த இடம் பழையது. 1500-ஐ ஒட்டிய காலத்தில் இந்தத் தீவையே ஆண்டவள் சன்-ஐ இசோபா என்கிற பெண்தான்.

கே: எல்லைத் தீவு என்றால் ராணுவம் இருக்குமே?

ப: 2016 மார்ச் வரை இல்லை, தீவுக்கே இரண்டு போலீஸ்காரர்கள், இரண்டு துப்பாக்கி என்று சொல்வார்கள். இப்போது ஜப்பானின் ராணுவமான தற்காப்புப் படையின் முகாமும் ரேடாரும் இருக்கின்றன. 2015 பிப்ரவரியில் ஊரில் வாக்கெடுப்பு நடந்தது: ஆதரவு 632, எதிர்ப்பு 445. ஜனமும் வருமானமும் கூடும் என்று ஒரு சாரார், குறி வைக்கப்படுவோம் என்று மறு சாரார், ஒரே வீட்டில் இரண்டு கருத்து. 2022 ஆகஸ்டில் தைவானைச் சுற்றிச் சீனா நடத்திய ராணுவப் பயிற்சியின்போது ஓர் ஏவுகணை தீவிலிருந்து சுமார் 80 கிலோமீட்டரில் விழுந்தது, மீனவர்கள் கடலுக்குப் போகாமல் கரையில் இருந்தார்கள். இரண்டு பக்கத்தின் பயத்திலும் நியாயம் இருக்கிறது. முடிவு மட்டும் அவர்கள் கையில் இல்லை என்பதுதான் எனக்கு ஆறவில்லை.

கே: நான் சுத்த சைவம். போனால் பட்டினியா?

ப: கொஞ்சம் சிரமம்தான். குபுராவின் பெருமையே மார்லின் மீன், எந்தக் குழம்பிலும் மீன் வடிசாறு இருக்கும். சோமேய்சோ என்கிற கீரை பாறை இடுக்கிலெல்லாம் முளைக்கும், லேசான கசப்பு, பச்சையாகவும் மாவில் தோய்த்துப் பொரித்தும் சாப்பிடுவார்கள். தீவின் கருப்பட்டி நிறத்துக் கரும்புச் சர்க்கரையும் அருமை. விடுதிக்காரரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

கே: எப்படிப் போவது, எப்போது போவது?

ப: ஜப்பான் விசா, அப்புறம் நாஹா. அங்கிருந்து நேரடி விமானம் ஒன்றேகால் மணி நேரம், இஷிகாகியிலிருந்து என்றால் அரை மணி. இஷிகாகியிலிருந்து வாரத்துக்கு இரண்டு முறை கப்பலும் உண்டு, சுமார் நான்கு மணி நேரம், ஆட்டம் தாங்காமல் ஜனங்கள் வைத்திருக்கும் பட்டப்பெயரே 'வாந்திக் கப்பல்'. மாத்திரை போட்டுக்கொண்டு ஏறுங்கள். கொம்பன் சுறா பார்க்க ஆசையென்றால் குளிர்காலம், ஆனால் அப்போது நீரோட்டம் கடுமை, புதிதாக முக்குளிக்கக் கற்றவர்களுக்கு ஆகாது. மே, ஜூனில் மழை. ஜூலை முதல் செப்டம்பர் வரை புயல் வந்தால் விமானமும் கப்பலும் நின்றுவிடும், கையில் இரண்டு நாள் உபரி வைத்துக்கொள்ளுங்கள். தீவுக்குள் இலவசப் பேருந்து ஓடுகிறது, குறைந்த தடவைதான், அதனால் ஸ்கூட்டர் வாடகைக்கு எடுப்பது உத்தமம். கடைகள் சீக்கிரம் மூடிவிடும், அட்டையை நம்பாமல் யென் ரொக்கமாக எடுத்துப் போங்கள்.