பற்றா, வரவா? வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: கணக்குப்பதிவியலை அண்மையில்தான் படிக்கத் தொடங்கினேன். கைக்குப் பணம் வந்தால் ரொக்கக் கணக்கைப் பற்று வைக்க வேண்டும் என்கிறது பாடநூல். வீட்டுக் கணக்கில், வந்த பணத்தை வரவு என்றுதானே எழுதுகிறோம்? வந்தது எப்படிப் பற்று ஆகும்?

பதில்: உங்கள் குழப்பத்துக்கு நீங்கள் காரணமல்ல. ஒரே சொல்லை இரண்டு வேலைக்கு வைத்துக்கொண்டிருக்கிறோம். வீட்டுக் கணக்கில் வரவு என்பது செலவுக்கு எதிர்ச்சொல்; வந்த பணத்தை மட்டுமே குறிக்கும். ஒவ்வொரு கணக்குக்கும் தனிப் பக்கம் ஒதுக்கி எழுதும் பேரேட்டிலோ அது பற்றுக்கு எதிர்ச்சொல். ஒரு கணக்கின் வலப்பக்கத்துக்குப் பெயர் வரவு, இடப்பக்கத்துக்குப் பெயர் பற்று.

பற்று என்பதற்கு எடுத்துக்கொள்ளுதல், பெற்றுக்கொள்ளுதல் என்ற பொருள் உண்டு. பணம் பெற்றுக்கொண்டதற்குத் தரும் சீட்டைப் பற்றுச்சீட்டு என்பதும், வங்கிக் கணக்கில் இருப்பதற்கு மேல் எடுத்துக்கொள்வதை மேல்வரைப்பற்று என்பதும் இந்தப் பொருளில்தான். ஒருவருக்குச் சரக்கைக் கடனாகக் கொடுத்தால், அவர் பெயரில் உள்ள பக்கத்தில் அவர் எடுத்துக்கொண்டது பற்று. பிறகு அவர் பணம் கட்டினால், அதே பக்கத்தில் அது அவரிடமிருந்து வந்த வரவு. ஆட்களின் பெயரில் எழுதும் பக்கங்களில் இவ்விரு சொற்களும் சிறிதும் உறுத்தாமல் பொருந்துகின்றன. பெறுபவரைப் பற்று வை, தருபவரை வரவு வை என்று மாணவர்கள் மனப்பாடம் செய்யும் விதி இதைத்தான் சொல்கிறது.

ஒவ்வொரு நடவடிக்கையையும் ஒரு கணக்கில் பற்றாகவும் இன்னொன்றில் வரவாகவும் எழுதும் இரட்டைப் பதிவு முறையில் ஆட்களுக்கு மட்டுமன்றி ரொக்கம், அறைகலன், வாடகை போன்றவற்றுக்கும் தனித்தனிப் பக்கம் உண்டு. ஆட்களுக்கென்று அமைந்த சொற்களை அந்தப் பக்கங்களுக்கும் நீட்டும்போதுதான் காதுக்கு ஒவ்வாமல் போகிறது. பணப்பெட்டியையும் ஓர் ஆளாக எண்ணிப் பாருங்கள். வாடிக்கையாளர் ஒருவர் தம் பாக்கியில் 5,000 கட்டுகிறார். பணத்தைத் தந்தவர் அவர்; ஆகவே அவர் கணக்கில் வரவு. அதைப் பெற்றுக்கொண்டது பெட்டி. ஆகவே ரொக்கக் கணக்கில் பற்று. பணம் வந்தது உங்களுக்குத்தான், ஆனால் பேரேட்டில் ‘நீங்கள்’ என்று ஒரு பக்கம் இந்தப் பதிவுக்குள் வருவதே இல்லை. வந்தது, போனது என்று நம் கையை வைத்துப் பார்ப்பதை விட்டு, எந்தப் பக்கம் பெற்றது, எந்தப் பக்கம் தந்தது என்று கேட்டால் விடை தானாக வந்துவிடும்.

இந்தத் தடுமாற்றம் தமிழுக்கு மட்டும் உரியதன்று. இரட்டைப் பதிவு முறையை விளக்கி அச்சில் வந்த முதல் நூல்களில் முதன்மையானது, 1494இல் வெனிசில் வெளியான, இத்தாலியக் கணித அறிஞர் லூகா பாசியோலியின் கணித நூல். அவர் இம்முறையைக் கண்டுபிடிக்கவில்லை. அந்நகரத்து வணிகர்கள் ஏற்கெனவே கையாண்டுவந்ததை எழுதிவைத்தார். அவர்களுடைய பேரேட்டில் ஒரு பக்கம் ‘தர வேண்டும்’ என்றும், மறுபக்கம் ‘பெற வேண்டும்’ என்றும் இத்தாலிய மொழியில் குறிக்கப்பட்டன. பற்று, வரவு ஆகியவற்றுக்கு ஆங்கிலத்தில் வழங்கும் டெபிட், கிரெடிட் என்னும் சொற்களின் லத்தீன் வேர்களும் முறையே கடன்பட்டிருத்தல், நம்புதல் என்று பொருள்படும். அங்கேயும் ஆளுக்கும் ஆளுக்கும் இடையிலான கொடுக்கல் வாங்கலே சொல்லுக்குப் பிறப்பிடம். பெட்டியும் அறைகலனும் பின்னால் வந்து ஒட்டிக்கொண்டவை.

கேள்வி: நான் வங்கியில் பணம் போட்டால் அறிக்கையில் வரவு என்று வருகிறது. ஆனால் என் ஏட்டில் வங்கிக் கணக்கைப் பற்று வைக்கச் சொல்கிறார்கள். இரண்டில் எது சரி?

பதில்: இரண்டும் சரி. வங்கி உங்களுக்குத் தரும் செல்லேடு, வங்கியின் பேரேட்டில் உங்கள் பெயரில் உள்ள பக்கத்தின் நகலே அன்றி உங்கள் கணக்குப் புத்தகம் அன்று. நீங்கள் 5,000 செலுத்தினால், உங்கள் ஏட்டில் பெற்றது வங்கி, தந்தது ரொக்கப் பெட்டி: வங்கிக் கணக்கு பற்று, ரொக்கக் கணக்கு வரவு. வங்கியின் ஏட்டில் பெற்றது அவர்களுடைய பெட்டி, தந்தவர் நீங்கள்: ரொக்கம் பற்று, உங்கள் பெயர் வரவு. உங்கள் பணம் அவர்கள் திருப்பித் தர வேண்டிய கடன் என்பதால், அது அவர்களுக்குப் பொறுப்பு, உங்களுக்குச் சொத்து. எனவேதான் ரொக்க ஏட்டின்படி பற்றிருப்பாக உள்ள தொகை செல்லேட்டின்படி வரவிருப்பாக நிற்கிறது. பற்று அட்டையை (டெபிட் கார்டு) தேய்க்கும்போது பற்று வைக்கப்படுவதும் வங்கியின் ஏட்டில் உள்ள உங்கள் பக்கமே. ஆகவே பற்று என்றால் இழப்பு, வரவு என்றால் ஆதாயம் என்று பழகிய எண்ணம் செல்லேட்டைப் படிக்கும்போது ஒத்துவரும். அதை உங்கள் ஏட்டில் உள்ள ரொக்கக் கணக்குக்கும் வங்கிக் கணக்குக்கும் கொண்டுவந்தால் தலைகீழாகும்.

கேள்வி: இலங்கைப் பாடநூல் ஒன்றில் இடப்பக்கத்தை வரவு என்றும் வலப்பக்கத்தைச் செலவு என்றும் பார்த்தேன். அச்சுப் பிழையா?

பதில்: பிழையன்று. டெபிட் என்பதற்கு வரவு, கிரெடிட் என்பதற்குச் செலவு என்பதே அங்குள்ள கலைச்சொல் வழக்கு. தமிழ்நாட்டில் பற்று அட்டை எனப்படுவது அங்கே வரவட்டை ஆகிறது. ரொக்கப் பக்கத்தை அளவுகோலாகக் கொண்டால் அந்த வழக்கு மிக இயல்பானது: வந்தது இடப்பக்கம், போனது வலப்பக்கம். ஆட்களின் பக்கத்துக்குப் போகும்போதுதான் அதற்கு இடறல். தமிழ்நாட்டு வழக்கு இதற்கு நேர்மாறாக இடறுகிறது. இரண்டில் ஒன்றை உயர்த்திப் பேச எனக்கு விருப்பமில்லை. ஆனால் இரண்டு நாட்டு நூல்களையும் மாற்றி மாற்றிப் படிப்பவர், வரவு என்ற சொல்லைக் கண்டதும் நூல் எங்கே அச்சானது என்று பார்த்துவிடுவது நல்லது.

கேள்வி: வாங்கிய சரக்கைத் திருப்பி அனுப்பினால் பற்றுக் குறிப்பு எழுத வேண்டுமா, வரவுக் குறிப்பு எழுத வேண்டுமா?

பதில்: அனுப்புகிறவர் நீங்கள் என்பதால் பற்றுக் குறிப்பு எழுத வேண்டும். விற்றவர் சரக்கைத் திரும்பப் பெறுகிறார். ஆகவே உங்கள் ஏட்டில் அவர் கணக்கைப் பற்று வைத்து, அதை அவருக்குத் தெரிவிக்கிறீர்கள். அவர் அதை ஏற்றுக்கொண்டு, தம் ஏட்டில் உங்கள் கணக்கை வரவு வைத்ததாக அனுப்பும் பதிலே வரவுக் குறிப்பு.