குழந்தைகள் வார்டில் முதல் ஆண்டு – கடிதமும் பதிலும்

அன்புள்ள அம்மாவுக்கு,

இந்த ஆண்டு பி.எஸ்சி. நர்சிங் முடித்து, தமிழ்நாடு செவிலியர் கவுன்சிலில் பதிவும் செய்துவிட்டேன். சென்னையில் ஒரு தனியார் குழந்தைகள் மருத்துவமனை, புதிதாகப் படித்து வருபவர்களை ஓராண்டு ரெசிடென்சி பயிற்சிக்கு எடுத்துக்கொள்கிறது. ‘குழந்தைகள் பிரிவை ஏன் தேர்ந்தெடுக்கிறீர்கள்?’ என்று விண்ணப்பத்தில் ஒரு பக்கம் எழுதச் சொல்கிறார்கள். குழந்தைகளைப் பிடிக்கும் என்பதற்கு மேல் எனக்கு எழுத வரவில்லை. எழும்பூர் குழந்தைகள் மருத்துவமனையில் சில வாரம் பயிற்சிக்குப் போனதுதான் என் அனுபவம். இரண்டு வருடம் பெரியவர்கள் வார்டில் இருந்துவிட்டுப் போ என்கிறார்கள் சீனியர்கள். என்ன செய்யட்டும்?

ஒரு வாசகி, பெரம்பூர்

அன்புள்ள சிஸ்டர்,

விண்ணப்பியுங்கள். பெரியவர்கள் வார்டில் கற்பது வீணாகாது என்றாலும், அங்கே பழகிய கண் குழந்தையிடம் ஏமாந்துபோவதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். நீர்ச்சத்து இழந்த குழந்தையின் உடல், ரத்த அழுத்தத்தைக் கடைசிவரை விடாமல் பிடித்துவைத்திருக்கும். நாடி வேகமெடுப்பதும், கைகால் குளிர்வதும், சிறுநீர் குறைவதும்தான் முன்கூட்டி வரும் எச்சரிக்கைகள். அழுத்தம் இறங்கும் வரை காத்திருந்தால் நேரம் கைமீறிப் போயிருக்கும். இந்தப் பார்வையைத் தொடக்கத்திலிருந்தே குழந்தைகளிடம் பழகிக்கொள்வது நல்லது என்பது என் உறுதியான எண்ணம்.

அந்த ஒரு பக்கத்தில், எழும்பூரில் நீங்கள் பார்த்த ஒரே ஒரு குழந்தையைப் பற்றி, பெயரோ அடையாளமோ இல்லாமல் எழுதுங்கள். அதன் மூச்சை ஒரு நிமிடம் முழுவதும் எண்ணினீர்களா, எண்ணிக்கை எவ்வளவு வந்தது, யாரிடம் சொன்னீர்கள்? இருமலோடு வரும் குழந்தைக்கு 2 மாதம் முதல் ஒரு வயது வரை நிமிடத்துக்கு 50, ஒன்று முதல் 5 வயது வரை 40 என்ற அளவைத் தொட்டாலே வேகமான மூச்சு என்கிறது உலக சுகாதார நிறுவனம். எண்ணிப் பார்த்தவர் எழுதும் பக்கத்தில் அது தெரியும். தேர்வு செய்பவர்கள் வார்டில் இருந்தவர்களாயின், அதைத்தான் தேடுவார்கள். குழந்தை ‘நேற்றிலிருந்து பால் குடிக்கவில்லை’ என்று தாய் சொன்னதைக் கேட்டு நீங்கள் என்ன செய்தீர்கள் என்பதும் அதில் இருக்கட்டும். குழந்தையின் மாற்றத்தை முதலில் கண்டுபிடிப்பவர் பெரும்பாலும் தாய்தான்.

சேர்ந்த பிறகு உங்கள் நேரத்தை அதிகம் எடுத்துக்கொள்ளப்போவது கணக்கு. என் முதல் மாதத்தில் நடந்ததைச் சொல்கிறேன். 10 கிலோ குழந்தை ஒன்று வீட்டுக்குக் கிளம்பியது. காய்ச்சலுக்குப் பாராசிட்டமால், கிலோவுக்கு 15 மில்லிகிராம் என்று ஒரு வேளைக்கு 150 மில்லிகிராம். எங்கள் வார்டில் இருந்தது 5 மில்லியில் 125 மில்லிகிராம் உள்ள சிரப். கணக்கைச் சரியாகப் போட்டு, ‘6 மில்லி கொடுங்கள்’ என்று தாயிடம் சொல்லிவிட்டேன். பக்கத்தில் இருந்த சீனியர் சிஸ்டர், ‘வீட்டில் இருக்கும் பாட்டிலைக் காட்டம்மா’ என்று கேட்டார். அந்தத் தாய் பையிலிருந்து எடுத்தது சொட்டு மருந்து. அதில் ஒரு மில்லிக்கே 100 மில்லிகிராம். 6 மில்லி கொடுத்திருந்தால் 600, அதாவது நான்கு மடங்கு. அன்று அவர் என்னைத் திட்டவில்லை. எத்தனை மில்லி என்பதற்கு முன்னால் எந்த பாட்டில் என்று கேட்கும்படி சொன்னார். பணி ஓய்வு பெறும் நாள் வரை அப்படியே கேட்டேன்.

எடையும் அப்படித்தான். தாய் சொல்லும் எடையையோ பழைய சீட்டில் இருப்பதையோ எழுதாமல், நீங்களே தராசில் பார்த்து எழுதுங்கள். டிரிப் அளவு, மருந்து அளவு எல்லாம் அந்த ஓர் எண்ணிலிருந்து வருபவை.

ரெசிடென்சி என்ற பெயரைப் பற்றி ஒரு வார்த்தை. அமெரிக்காவில் 2002 முதல் இது ஓராண்டுத் திட்டமாகப் பல மருத்துவமனைகளில் உருப்பெற்றது. படிப்பு முடித்து வந்தவரைத் தனியே வார்டில் விட்டுவிடாமல், அனுபவமுள்ள ஒருவரோடு இணைத்துப் படிப்படியாகப் பொறுப்பு கொடுப்பதே அதன் சாரம். அந்தச் சாரம் இங்கே இருக்கிறதா என்பதை நேர்காணலிலேயே தயங்காமல் கேளுங்கள். எத்தனை வாரம் பிரிசெப்டரோடு, அதாவது உடனிருந்து கற்றுத்தரும் அனுபவமுள்ள செவிலியரோடு இருப்பீர்கள், எப்போது தனியாக நோயாளிகளைக் கொடுப்பார்கள், முதல் நைட் டூட்டியில் உடன் யார் இருப்பார் என்ற மூன்றுக்கும் தெளிவான பதில் கிடைக்காவிட்டால், அது பயிற்சி என்ற பெயரில் ஆள் பற்றாக்குறையை நிரப்பும் வேலையாக இருக்கலாம். ஒப்பந்தத்தை வீட்டுக்கு எடுத்துவந்து படித்த பிறகே கையெழுத்திடுங்கள். மூலச் சான்றிதழ்களைக் காட்டுங்கள், ஒப்படைக்காதீர்கள்.

இரவு மூன்று மணிக்கு, எண்கள் எல்லாம் சரியாக இருந்தும் குழந்தையின் முகம் சரியில்லை என்று தோன்றினால், டூட்டி டாக்டரை எழுப்புங்கள். அவர் சலித்துக்கொண்டாலும் எழுப்புங்கள்.

எழுதிய பக்கத்தை அனுப்புவதற்கு முன் எனக்கு ஒருமுறை காட்டினால் மகிழ்வேன்.

அன்புடன்.