சூடானப்புறமும் ஐடில் இறங்க மாட்டேங்குதே!

கேள்வி: சார், என்னோடது 1976 மாடல் கார், பாஷ் எல்-ஜெட்ரானிக் இன்ஜெக்‌ஷன். காலையில ஸ்டார்ட் பண்ணா ஐடில் (ஆக்ஸிலரேட்டர் மிதிக்காதப்ப இன்ஜின் சுத்துற வேகம்) 1,500 ஆர்பிஎம்ல நிக்கும், ஆறின இன்ஜின் அப்படித்தான்னு விட்டுட்டேன். ஆனா அரை மணி நேரம் ஓட்டினப்புறமும் 1,600க்கு கீழ வரல. மேனுவல்ல 850. ஐடில் ஸ்க்ரூவ முழுசா உள்ள முறுக்கியும் 1,400தான். மெக்கானிக் கம்ப்யூட்டர் போயிடுச்சுங்கிறார். மாத்தலாமா?

பதில்: காச வீணாக்காதீங்க. 1974ல வந்த சிஸ்டம் அது, அந்தக் கம்ப்யூட்டர் பெட்டிக்குத் தெரிஞ்சதெல்லாம் பெட்ரோல் தெளிக்கிற இன்ஜெக்டர எவ்வளவு நேரம் திறந்து வைக்கணும்ங்கிறதுதான், ஐடில் ஸ்பீட ஏத்தி இறக்குற வேலையே அதுக்குக் கிடையாது. ஐடில முடிவு பண்றது காத்து. ஐடில் ஸ்க்ரூவால அதோட காத்து வழிய முழுசா மூடியும் 1,400ன்னா வேற ஏதோ வழியா காத்து உள்ள போகுது.

இன்ஜின் தடுமாறாம ஓடுதான்னு முதல்ல பாருங்க. உங்க சிஸ்டத்துல காத்து ஃப்ளாப் மீட்டர் வழியா அளந்துதான் போகும், அதுக்கு அப்புறம் ஏதாவது ஹோஸ் வெடிச்சிருந்தா அளக்காத காத்து நுழைஞ்சு பெட்ரோல் பத்தாம இன்ஜின் உதறும், சில சமயம் நின்னே போயிடும். வழுவழுன்னு 1,400ல ஓடுதுன்னா அது அளந்த காத்து, த்ரோட்டில (ஆக்ஸிலரேட்டர் மிதிச்சா திறக்குற காத்துக் கதவு) சுத்திக்கிட்டு போகுது, இல்ல த்ரோட்டிலே முழுசா மூடலன்னு அர்த்தம்.

இன்ஜின் ஓடும்போது த்ரோட்டில் லீவர விரலால மூடுற பக்கம் அழுத்துங்க. ஆர்பிஎம் இறங்கினா கேபிள் இறுக்கமா இருக்கு, இல்ல ஸ்ப்ரிங் தளர்ந்திருக்கு, இல்ல பட்டர்ஃபிளைல (த்ரோட்டிலுக்குள்ள சுத்துற தகடு) கரி ஒட்டியிருக்கு, அதோட முடிஞ்சது.

இறங்கலையா, என் சந்தேகம் ஆக்ஸிலரி ஏர் வால்வு மேல, ஆறின இன்ஜினுக்கு கூடுதல் காத்து குடுக்குற வால்வு அது. உள்ள ஓட்டை போட்ட சின்னத் தகடு, அத நகர்த்த ரெண்டு உலோகம் ஒட்டின ஒரு பட்டை, பட்டையச் சுத்தி ஹீட்டர் கம்பி. ஆறியிருக்கும்போது ஓட்டை திறந்திருக்கும், ஸ்டார்ட் பண்ணி சில நிமிஷத்துல பட்டை சூடாகி வளைஞ்சு மூடிடணும். நல்லா சூடான இன்ஜின்ல அந்த வால்வோட ஹோஸ துணி சுத்தின ப்ளையரால நசுக்குங்க. சட்டுனு ஆர்பிஎம் விழுந்தா திருடன் அதுதான். உடனே புதுசு வாங்க ஓடாதீங்க, கனெக்டர்ல 12 வோல்ட் வருதான்னு பாருங்க, இன்ஜின் ஓடும்போது பாக்கணும், சும்மா சாவி போட்டா பல வண்டில அங்க கரண்ட் வராது. கரண்ட் வந்தா வால்வ கழட்டி கார்ப் க்ளீனர் அடிச்சு, பேட்டரில இருந்து கரண்ட் குடுத்து பத்து நிமிஷம் வெச்சு ஓட்டை வழியா பாருங்க, அப்பவும் வெளிச்சம் தெரிஞ்சா மாத்த வேண்டியதுதான்.

இன்னொண்ணு, த்ரோட்டில் ஸ்டாப் ஸ்க்ரூவ முந்தின ஓனர் யாராவது திருகியிருக்கலாம், பழைய வண்டில இது ரொம்ப சகஜம். அது ஐடிலுக்கான ஸ்க்ரூ இல்ல, பட்டர்ஃபிளை போய் சிக்காம இருக்கத்தான். மேனுவல் அளவுக்குக் கொண்டு வந்துட்டு த்ரோட்டில் சுவிட்சையும் திரும்ப செட் பண்ணிடுங்க.

கேள்வி: என் வண்டி டி-ஜெட்ரானிக், இதே தொல்லை. இதே வழிதானா?

பதில்: இல்ல, ஹோஸ்ல ஆரம்பிங்க. உங்களோடது மேனிஃபோல்ட் (சிலிண்டருக்கு காத்து போற குழாய்) பிரஷர வெச்சு பெட்ரோல் போடுற சிஸ்டம், லீக் ஆனா பிரஷர் ஏறும், பெட்டியும் கூடுதலா பெட்ரோல் ஊத்தும், அதனால ஐடில் ஏறிடும். டிஸ்ட்ரிபியூட்டர்ல வேக்கம் ரிடார்ட் (ஸ்பார்க் டைமிங்க தாமதப்படுத்துற அமைப்பு) இருந்தா அந்த ஹோஸும் கழண்டிருக்கான்னு பாருங்க, கழண்டா டைமிங் முன்னாடி போயி ஐடில் ஏறும். இதெல்லாம் சரியா இருந்தா மேல சொன்ன ப்ளையர் டெஸ்ட்.