வீடியோவில் புரிந்தது, தாளில் எங்கே போனது?

கேள்வி: மேடம், நான் புள்ளியியல் இரண்டாம் ஆண்டு மாணவி. யூடியூபில் பாடம் பார்க்கும்போது எல்லாம் புரிகிறது. பரீட்சை ஹாலில் உட்கார்ந்தால் கை ஓடுவதில்லை. நெட்டில் படிப்பதையே விட்டுவிடட்டுமா?

பதில்: விட வேண்டாம்மா. எனக்கு வாய்க்காத வாத்தியார்கள் எல்லாம் உங்களுக்கு அங்கே கிடைக்கிறார்கள். அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழகம் தன் பாடங்களை இணையத்தில் இலவசமாகத் தரப்போவதாக 2001-இல் அறிவித்தபோது நான் வகுப்பெடுத்துக்கொண்டிருந்தேன். அந்தப் பாடங்களைப் பார்த்து என் பழைய நோட்ஸைத் திருத்தியிருக்கிறேன்.

நான் ஓய்வுபெறுவதற்குச் சில மாதங்கள் முன்பு ஒரு மாணவி இதே புகாரோடு என் அறைக்கு வந்தாள். திட்ட விலக்கம் (எண்கள் சராசரியிலிருந்து எவ்வளவு சிதறியிருக்கின்றன என்ற அளவு) காணும்போது எண்களின் எண்ணிக்கையால் வகுக்காமல், அதில் ஒன்றைக் கழித்து ஏன் வகுக்கிறோம்? இதற்காக மூன்று வீடியோ பார்த்திருந்தாள், ஒன்றரை மடங்கு வேகத்தில். "சூப்பரா புரிஞ்சது மேடம்" என்றாள். போனைக் கவிழ்த்து வைக்கச் சொல்லி ஒரு வெள்ளைத்தாளை நீட்டினேன். "எனக்கு ஒண்ணும் தெரியாதுன்னு வெச்சுக்கோ. சொல்லிக்கொடு."

'டிகிரீஸ் ஆஃப் ஃப்ரீடம்' என்று எழுதி அடிக்கோடு போட்டாள். அப்புறம் பேனா நின்றுவிட்டது. கொஞ்ச நேரம் மூடியைத் திறந்து மூடிக்கொண்டிருந்தாள். கை தானாகப் போன் பக்கம் போயிற்று.

தாளில் ஐந்து கட்டம் போடச் சொன்னேன். ஐந்து எண்கள், சராசரி 10. ஒவ்வொன்றும் சராசரியிலிருந்து எவ்வளவு விலகியிருக்கிறது? இஷ்டம்போல எழுது என்றேன். கூட்டல் 3, கழித்தல் 1, கூட்டல் 2, கழித்தல் 5 என்று நிரப்பினாள். ஐந்தாவது கட்டத்தில் பேனாவை வைத்தவள் அப்படியே நின்றாள். விலகல்களைக் கூட்டினால் பூஜ்ஜியம் வந்தாக வேண்டுமே! அப்படியானால் அங்கே கூட்டல் 1 தவிர வேறெதுவும் எழுத முடியாது. "இது மட்டும் என் இஷ்டம் இல்லையா மேடம்?" இல்லை. இஷ்டப்படி எழுத முடிந்தது நான்குதான், அவள் அடிக்கோடு போட்ட 'டிகிரீஸ் ஆஃப் ஃப்ரீடம்' அதுதான், அதனால் நான்கால் வகுக்கிறோம். முழு நிரூபணம் இதைவிட நீளம், ஆனால் பிடி இதுதான்.

அந்த மூன்று வீடியோவிலும் இதைத்தான் சொல்லியிருப்பார்கள். ஆனால் அங்கே ஐந்தாவது கட்டத்தை அவர்களே நிரப்பிவிட்டார்கள். இவள் தலையாட்டினாள், அவ்வளவுதான்.

ரோடிகர், கார்பிக்கி என்ற இரு உளவியலாளர்கள் 2006-இல் வெளியிட்ட சோதனை ஒன்று உண்டு. ஒரு பகுதியைத் திரும்பப் படித்தவர்கள் ஐந்து நிமிடம் கழித்து 81 விழுக்காடு நினைவுகூர்ந்தார்கள். ஒருமுறை படித்துவிட்டு, பிறகு பார்க்காமல் எழுதிப்பார்த்தவர்களுக்கு 75. சரி, திரும்பப் படிப்பதுதானே மேல் என்று தோன்றும். ஒரு வாரம் கழித்துச் சோதித்தபோது திரும்பப் படித்தவர்கள் 42, எழுதிப்பார்த்தவர்கள் 56. உங்கள் பரீட்சை ஐந்து நிமிடம் கழித்து வருவதில்லையே.

கணக்கை முதலில் நீங்களே கால்மணி நேரம் முட்டிப் பாருங்கள். எந்த வரியில் மாட்டினோம் என்று தெரிந்துகொண்டு தேடினால் விடை சட்டென்று கிடைக்கும். தெரியாமல் தேடினால் மூன்று வீடியோ ஆகும். நடுவில் பூனை வீடியோவும் வரும். சூத்திரம் பார்க்கப் போன நானே அதில் அரைமணி நேரம் உட்கார்ந்திருக்கிறேன்.

கேள்வி: கல்லூரியில் படிக்கும் என் மகன் எதைக் கேட்டாலும் போனில் பார்த்துத்தான் சொல்கிறான். இப்படியே போனால் ஞாபகசக்தி என்ன ஆகும்?

பதில்: 'சயின்ஸ்' இதழில் 2011-இல் வந்த ஆய்வு ஒன்றைத்தான் எல்லாரும் காட்டிப் பயமுறுத்துவார்கள். கணினியில் பத்திரமாக இருக்கிறது என்று நம்பியவர்கள் அந்தத் தகவலைக் குறைவாகவே நினைவில் வைத்திருந்தார்கள் என்றது அது. அதன் ஒரு பகுதியை வேறு குழுவினர் பின்னர் திரும்பச் செய்தபோது அதே முடிவு வரவில்லை. ஆகவே ரொம்பப் பதறாதீர்கள். 2015-இல் யேல் பல்கலைக்கழகத்தினர் கண்டதுதான் எனக்கு உறுத்தல். நெட்டில் தேடி முடித்தவர்கள், தேடியதற்குச் சம்பந்தமே இல்லாத கேள்விகளுக்கும் தங்களால் நன்றாக விளக்கம் சொல்ல முடியும் என்று மதிப்பிட்டுக்கொண்டார்கள். மகனிடம் இனி விடையை விட்டுவிட்டு 'ஏன்' என்று கேளுங்கள்.

கேள்வி: நான் விரிவுரையாளர். வகுப்பில் லேப்டாப் வேண்டாம் என்றால், "அது எங்க பாடு சார்" என்கிறார்கள் மாணவர்கள். என்ன செய்ய?

பதில்: அவரவர் பாடு என்றால் விட்டுவிடலாம். கனடாவில் நடந்து 2013-இல் வெளியான ஆய்வில், லேப்டாப்பில் வேறு வேலையும் பார்த்தவர்களின் மதிப்பெண் 11 விழுக்காடு குறைந்தது. அந்தத் திரை கண்ணில் படுகிற இடத்தில் உட்கார்ந்து பாவம், பாடத்தைக் கவனிக்கப் பார்த்தவர்களுக்கு 17! நான் தடை போட்டதில்லை. லேப்டாப் உள்ளவர்கள் கடைசி வரிசை என்று சொல்லிவிட்டேன். மறுநாளே கடைசி பெஞ்சில் இடம் பிடிக்கச் சண்டை.

கேள்வி: நீங்களும் நெட்டைப் பார்த்துத்தானே பதில் எழுதுகிறீர்கள்?

பதில்: ஆண்டுகளையும் விழுக்காடுகளையும் பார்த்துச் சரிசெய்துகொண்டேன். ஐந்து கட்டக் கணக்கைப் பார்க்காமல் எழுதினேன். எதற்கும் ஒருமுறை கூட்டிப் பார்த்துவிடுங்கள்.