கூடைப்பந்து கேள்வி – பதில்: பதினைந்து இடமும் ஒரு பணப்பையும்

திருகோணமலைப் பக்கமிருந்து வந்த கடிதங்களில், அமெரிக்கக் கல்லூரிக் கூடைப்பந்து பற்றிய ஆறை இம்முறை எடுத்துக்கொண்டோம்.

படிக்கிற பிள்ளை காசு வாங்கினால் விளையாடத் தடை என்றுதானே இருந்தது? எப்போது மாறியது?
– ஒரு ஆசிரியை, உவர்மலை

2021 ஜூன் வரை அப்படித்தான். அவ்வருடம் ஜூலை 1 முதல் வீரர் தன் பெயரையும் முகத்தையும் விளம்பரத்துக்குக் கொடுத்துச் சம்பாதிக்கலாம் என்று, அங்கே கல்லூரி விளையாட்டை நடத்தும் சங்கமான என்.சி.ஏ.ஏ. இறங்கி வந்தது. என்.ஐ.எல். என்று அடிபடுவது இதுதான். விளையாடுவதற்கென்று கல்லூரி சம்பளம் கொடுக்க அப்போதும் வழியில்லை. அதனால் பணக்கார ஆதரவாளர்கள் ‘கலெக்டிவ்’ என்ற நிதிக் குழுக்களை அமைத்துக் கொட்டினார்கள்; சிலர் தனியாகவும் கொடுத்தார்கள். 2022இல் மியாமிக்கு மாறிய நைஜல் பாக்குக்கு இரண்டு வருடத்துக்கு 8 லட்சம் டொலரும் ஒரு காரும் தருவதாக ஒரு தொழிலதிபர் பகிரங்கமாகவே அறிவித்தார். கடைசியாக 2025 ஜூன் 6ஆம் திகதி வீரர்கள் என்.சி.ஏ.ஏ. மீது தொடுத்த ‘ஹவுஸ்’ வழக்கின் சமரசத்தை நீதிபதி கிளோடியா வில்கன் அங்கீகரித்தார். அவ்வருடம் ஜூலை 1 முதல் கல்லூரியே நேரடியாகக் கொடுக்கிறது.

ஒரு அணிக்கு எவ்வளவு கிடைக்கும்? பயிற்சியாளர் அதை எப்படிப் பங்கிடுகிறார்?
– துறைமுக ஊழியர், சீனக்குடா

2025–26க்கு ஒரு கல்லூரி கொடுக்கக்கூடிய உச்ச வரம்பு சுமார் 2 கோடியே 5 லட்சம் டொலர். இது எல்லா விளையாட்டுக்கும் சேர்த்து. பெரிய கல்லூரிகள் பல, அமெரிக்கன் ஃபுட்போலுக்கு 75 வீதம், ஆண்கள் கூடைப்பந்துக்கு 15 வீதம், பெண்கள் கூடைப்பந்துக்கு 5 வீதம், மிச்சத்துக்கு 5 வீதம் என்ற கணக்கை ஒட்டியே போகின்றன. அப்படியானால் ஆண்கள் கூடைப்பந்துக்கு ஏறக்குறைய 30 லட்சம் டொலர். டொலர் 300 ரூபாய் என்று வைத்தால் 90 கோடி ரூபாய். பெரிய ஃபுட்போல் அணி இல்லாத சென்ட் ஜோன்ஸ் போன்ற இடங்கள் கூடைப்பந்துக்குக் கூடுதலாக ஒதுக்க முடியும். அவர்களின் பலமே அதுதான்.

சமரசத்துக்குள் வந்த கல்லூரிகளில் அணிக்கு ஆகக்கூடியது 15 பேர். பழைய புலமைப்பரிசில் எண்ணிக்கை 13. காசைப் பதினைந்தாகப் பிரிக்கும் பயிற்சியாளர் யாருமில்லை. பந்தைக் கொண்டுவரும் பொயின்ட் கார்டுக்கும் கூடைக்கடியில் நிற்கும் உயரக்காரனுக்கும் பெரும் பங்கு போகும், இன்னும் ஐந்தாறு பேருக்கு நடுத்தரம், மிச்சப் பேருக்குப் புலமைப்பரிசிலும் சில்லறையும். பிழைக்கிற இடமும் இதுவே. முதல் வாரத்தில் இரண்டு நட்சத்திரங்களுக்குப் பையைக் கொட்டிவிட்டு, கூடையில் பட்டு மீளெழும் பந்தை (ரீபவுண்ட்) பிடிக்க ஆளில்லாமல் நிற்கிற அணிகள் உண்டு. இந்தக் கணக்கைப் பார்க்கத்தான் இப்போது கல்லூரிகள் ‘ஜெனரல் மனேஜர்’ வைக்கின்றன. அமெரிக்கத் தொழில்முறை லீக்கான என்.பி.ஏ.யின் செய்தியாளராகக் கொடிகட்டிப் பறந்த ஏட்ரியன் வொஜ்னரொஸ்கி 2024இல் அந்த வேலையை விட்டு சென்ட் பொனவென்சர் கல்லூரிக்குப் போனது இந்தப் பதவிக்குத்தான்.

வெளியார் தரும் பணம் இந்த வரம்புக்குள் வராது. ஆனால் 600 டொலரோ அதற்கு மேலோ உள்ள ஒவ்வொரு ஒப்பந்தமும் டெலொய்ட் நிறுவனம் நடத்தும் ‘என்.ஐ.எல். கோ’வில் பதியப்பட வேண்டும். உண்மையான வியாபாரத் தேவை இருக்கிறதா, தொகை நியாயமா என்று பார்ப்பார்கள். ஆகவே ஆதரவாளர் வாயால் சொல்கிற தொகை, அனுமதி வரும் வரை வெறும் வாய்ப்பேச்சு.

முன்பு 17 வயதுப் பையன்களின் வீட்டுக்குப் பயிற்சியாளர் போவார் என்பார்கள். இப்போதும் அப்படியா?
– ம. கு., மூதூர்

போகிறார்கள், ஆனால் குறைவு. 2024 ஏப்ரலிலிருந்து, படிப்பில் தகுதி இருந்தால் வீரர் எத்தனை தடவையும் கல்லூரி மாறலாம். ஒரு வருடம் சும்மா உட்காரவும் தேவையில்லை. மாற விரும்புகிறவரின் பெயர் ‘ட்ரான்ஸ்ஃபர் போர்டல்’ பட்டியலில் ஏறும். 17 வயதுப் பையனை மூன்று வருடம் வளர்த்து, அவன் நன்றாக வந்ததும் அடுத்த வீட்டுக்காரன் கூடக் காசு கொடுத்துக் கொண்டுபோவான் என்றால் எந்தப் பயிற்சியாளர் வளர்ப்பார்? 22 வயதில் தாடியோடு தயாராக நிற்பவனை வாங்குவதே அவருக்கு இலாபம். 2025இல் பெயர் கொடுக்கும் காலம் 30 நாள். அதற்குள் அணியில் பாதி கலைந்து பாதி சேரும்.

வேலை எப்படி நடக்கிறது? பெயர் ஏறிய அன்றே உதவிப் பயிற்சியாளர் ‘சினர்ஜி’ காணொளித் தளத்தில் அவனுடைய ஆட்டத்தை வகை வகையாக வெட்டிப் பார்ப்பார். ஒரு சிறிய லீக்கில் ஆட்டத்துக்கு 18 புள்ளி எடுத்தவன் என்று வைத்துக்கொள்வோம். முதல் கேள்வி, அந்த 18 எப்படி வந்தது? அணியின் தாக்குதலில் மூன்றிலொன்று அவன் கையில் முடிந்திருந்தால், பெரிய அணியில் அவனுக்கு அவ்வளவு பந்து கிடைக்காது. பந்து கையில் இல்லாத நேரம் அவன் என்ன செய்கிறான், நின்று வாங்கி எறிவது விழுகிறதா, பலமான அணிகளோடு ஆடிய நாலைந்து ஆட்டத்தில் என்ன ஆனான் என்று பார்ப்பார்கள். மூன்று புள்ளி வீதத்தை விட, யாரும் மறிக்காமல் நின்று எறியும் ஃப்ரீ த்ரோ வீதத்தை நம்புவார்கள். கை உண்மையில் நேரானதா என்று அது காட்டிக்கொடுக்கும். பிறகு தொலைபேசி, முகவரோடு தொகைப் பேச்சு, இரண்டு நாள் வளாக வருகை, கையெழுத்து. சில வேளை எல்லாம் ஒரு கிழமைக்குள் முடிந்துவிடும்.

பெயர் ஏறுமுன் வேறு கல்லூரிப் பயிற்சியாளர் பேசக் கூடாது என்பது விதி. மாமன், பழைய பயிற்சியாளர், முகவர் வழியாகப் பேச்சு முன்னமே நடப்பது ஊரறிந்த இரகசியம். வீரரைக் கட்டிவைத்த பழைய ‘லெட்டர் ஒஃப் இன்டென்ட்’ 2024 அக்டோபரில் ஒழிந்தது. இப்போது ஒப்பந்தத்திலேயே ‘நடுவில் போனால் இவ்வளவு திருப்பிக் கட்டு’ என்ற வரி வரலாம். கையெழுத்துக்கு முன் தேட வேண்டிய வரி அது.

என் மகனுக்கு 17 வயது, 6 அடி 3 அங்குலம், மாவட்ட அணியில் சென்டர். முப்பது கல்லூரிக்கு மின்னஞ்சல் போட்டோம், ஒரு பதிலும் இல்லை. என்ன பிழை?
– ஒரு தந்தை, கிண்ணியா

பிழை ‘சென்டர்’ என்ற சொல்லிலேயே இருக்கிறது, ஐயா. நம் மாவட்டத்தில் 6 அடி 3 என்றால் கூடைக்கடியில் நிறுத்திவிடுவோம். அங்கே அது கார்டின் உயரம். உங்கள் காணொளியில் மகன் முதுகைக் காட்டி நின்று ரீபவுண்ட் எடுப்பதைப் பார்க்கிற பயிற்சியாளர், ‘இவன் இங்கே ஆடப்போகாத இடத்தில் ஆடுகிறான்’ என்று மூடிவிடுவார். இன்றிலிருந்து மகன் பந்தை மேலே கொண்டுவரட்டும், இடது கையாலும் கொண்டுவரட்டும், 6.75 மீட்டர் மூன்று புள்ளிக் கோட்டுக்கு வெளியே நின்று எறியட்டும். அந்தக் கோடு இங்கும் அங்கும் ஒரே தூரம்தான்.

காணொளி மூன்று, நாலு நிமிடம் போதும். முதல் 30 விநாடிக்குள் ஆகச் சிறந்ததைப் போடுங்கள், பாட்டு வேண்டாம், ஒவ்வொரு துண்டும் தொடங்குமுன் மகனை அம்புக்குறியால் காட்டுங்கள். அதோடு வெட்டாத இரண்டு முழு ஆட்டங்களின் இணைப்பு, அதில் ஒன்று தோற்ற ஆட்டமாக இருந்தால் நல்லது. கைபேசியை நடுக்கோட்டுக்கு நேரே மூன்று மீட்டர் உயரத்தில் கட்டுங்கள், தரையில் நின்று எடுக்க வேண்டாம். திறந்தவெளிச் சீமெந்துக் களத்தில் மத்தியான வெயிலில் எடுத்தால் ஜேர்சி இலக்கமே தெரியாது. மாலை நாலரைக்குப் பிறகு, சூரியனுக்கு முதுகைக் காட்டி எடுங்கள். உயரத்தைச் சப்பாத்தில்லாமல் அளந்து, விரித்த கைகளின் நீளத்தையும் எழுதுங்கள். இரண்டு அங்குலம் கூட்டிச் சொன்னது முதல் நாளே பிடிபடும்.

மின்னஞ்சலைத் தலைமைப் பயிற்சியாளருக்கு அனுப்பாமல் உதவிப் பயிற்சியாளருக்கு அனுப்புங்கள். தலைப்பிலேயே நிலை, உயரம், பாடசாலை முடிக்கும் வருடம், நாடு. என்.சி.ஏ.ஏ.யின் மேல்மட்டமான முதற்பிரிவுக் கல்லூரிகள் வேண்டாம். அந்த இடங்களுக்குத்தான் மேலே சொன்ன 22 வயதுத் தாடிக்காரர்கள் போட்டி. என்.ஜே.சி.ஏ.ஏ. என்ற சங்கத்தில் உள்ள இரண்டு வருடக் கல்லூரிகள், சிறிய கல்லூரிகளின் தனிச் சங்கமான என்.ஏ.ஐ.ஏ., என்.சி.ஏ.ஏ. இரண்டாம் பிரிவு, இவற்றைப் பாருங்கள். மூன்றாம் பிரிவில் விளையாட்டுக்குப் புலமைப்பரிசிலே கிடையாது.

பின்னாளில் முதற்பிரிவுக்குப் போகும் எண்ணம் இருந்தால் என்.சி.ஏ.ஏ.யின் தகுதி மையத்தில் இப்போதே பதியுங்கள். பாடசாலையில் படித்த 16 மையப் பாடங்களும் அவற்றில் 4க்கு 2.3 சராசரியும் வேண்டும். 2023 முதல் எஸ்.ஏ.டி. என்ற கல்லூரி நுழைவுப் பரீட்சையை என்.சி.ஏ.ஏ. கேட்பதில்லை, கல்லூரி தன் அனுமதிக்குக் கேட்கலாம். ஒவ்வொரு நாட்டின் சான்றிதழையும் எப்படி எடுத்துக்கொள்வார்கள் என்ற கைநூலை அவர்களே வெளியிடுகிறார்கள். அதில் இலங்கைப் பக்கத்தைப் படித்துவிட்டு க.பொ.த. சான்றிதழ்களை எடுங்கள். உயர்தரம் முடித்து இரண்டு மூன்று வருடம் கழக அணியில் ஆடிக்கொண்டிருந்தால், ஆடக்கூடிய சீசன்கள் குறையலாம். நம் பிள்ளைகள் அறியாமல் விழும் குழி இது.

8 லட்சம் ரூபாய் கட்டினால் முழுப் புலமைப்பரிசில் எடுத்துத் தருவதாக ஒருவர் சொல்கிறார். போனதும் என்.ஐ.எல். காசில் கடனை அடைக்கலாமாம்.
– ஒரு தாய், நிலாவெளி

கட்டாதீர்கள், அம்மா. எந்தக் கல்லூரியும் தரகர் வழியாக வா என்று கேட்பதில்லை. அதைவிடப் பெரிய பொய் இரண்டாவது பாதி. உங்கள் பிள்ளை போவது எஃப்-1 மாணவர் வீசாவில். படிப்புக் காலத்தில் வளாகத்துக்குள் கிழமைக்கு 20 மணித்தியாலம் வேலை செய்யலாம். அனுமதியில்லாமல் வெளியே வேலை செய்தால் வீசாத் தகுதி போகும். விளம்பரத்துக்கு நடிப்பதும் கையெழுத்துப் போட்டு விற்பதும் வேலையாகவே எண்ணப்படலாம். கொங்கோவிலிருந்து வந்து கென்டக்கிக்கு ஆடிய ஒஸ்கார் ஷீப்வே நாட்டின் சிறந்த வீரர் விருது வாங்கியவர். அவரே 2022இல் அணி பஹாமாஸ் தீவுக்குப் போனபோது, அமெரிக்காவுக்கு வெளியே வைத்துத்தான் விளம்பர வேலைகளைச் செய்தார். அவருக்கே அந்தப் பாடு என்றால் புதிதாகப் போகும் பிள்ளை கடன் அடைப்பது எப்படி?

உண்மையான அழைப்பைக் கண்டுபிடிக்க, வீசாவுக்காகக் கல்லூரி அனுப்பும் ஐ-20 என்ற படிவம் போதும். ஒரு பக்கம் ஒரு வருடச் செலவு, எதிர்ப்பக்கம் அது எங்கிருந்து வருகிறது என்று எழுதியிருக்கும். கல்லூரி தருவதாக உள்ள தொகையைச் செலவிலிருந்து கழியுங்கள். மிச்சம்தான் உங்கள் தலையில் விழுவது. ‘முழு’ என்று வாயால் சொன்னவர்களின் படிவத்தில் பத்தாயிரம் டொலர் மிச்சம் நின்றால் அது முழு அல்ல. விமானச் சீட்டு, வெளிநாட்டு மாணவர் பதிவுக்கான 350 டொலர் செவிஸ் கட்டணம், வீசாக் கட்டணம் வேறு.

பெண் பிள்ளைகளுக்கும் இது பொருந்துமா? எந்த மாதம் அனுப்பலாம்?
– மாணவி, உப்புவெளி

பொருந்தும். பெண்கள் அணிக்கும் 15 இடம்தான், பங்கு மட்டும் சிறிது. வலைப்பந்து ஆடியவர் என்றால் உங்களுக்குப் பந்து பிடிப்பதும் கால் ஊன்றி நிற்பதும் ஏற்கெனவே வரும்; தட்டிக்கொண்டு ஓடத்தான் வராது. ஆறு மாதம் அதையே செய்துவிட்டுக் காணொளி எடுங்கள். ஏப்ரலில் அனுப்ப வேண்டாம். நாம் சித்திரைப் புத்தாண்டுக்குக் கைவிசேடம் வாங்குகிற நாட்களில் அவர்கள் போர்டலில் மூழ்கிக் கிடப்பார்கள். செப்டெம்பரில் முதல் மின்னஞ்சல், டிசம்பரில் புதிய ஆட்டங்களின் இணைப்பு. இரண்டு வருடக் கல்லூரிகளில் மே, ஜூனிலும் இடம் காலியாகும். ஆனால் ஓகஸ்டில் வகுப்பு தொடங்குவதால், கொழும்பில் வீசா நேர்காணலுக்கு நாள் கிடைக்குமா என்று பார்த்துவிட்டு ஒப்புக்கொள்ளுங்கள்.