பழைய வீட்டைப் புதுப்பித்த ஹோட்டலில் மீட்டிங் வைக்கலாமா?

நாகர்கோவில் பக்கம் அறுபது பேருக்கு இரண்டு நாள் மீட்டிங், பழைய ஓட்டு வீட்டைப் புதுப்பித்த ஹோட்டல் சரிவருமா என்று கேட்டிருக்கிறீர்கள். தாராளமாக வைக்கலாம், ஆனால் போட்டோவைப் பார்த்து அட்வான்ஸ் கொடுத்துவிடாதீர்கள்.

முதலில் ஹாலைப் பாருங்கள். நடுமுற்றத்துக்கு மேலே தகர ஷீட் போட்டு அதையே ஹால் என்று சொல்லும் இடங்கள் உண்டு. நம் மாவட்டத்தில் ஜூனிலும் மழை, அக்டோபர், நவம்பரிலும் மழை, கனத்துப் பெய்தால் ஷீட் போடும் சத்தத்தில் மைக் இருந்தும் பேசுகிறவர் குரல் பின்வரிசைக்குக் கேட்காது. ஓட்டுக்குக் கீழே மரத்தட்டு அடித்த அறை இருந்தால் அதைக் கேளுங்கள், சத்தமும் குறைவு, வெக்கையும் குறைவு. ஆனால் பழைய அறைகளில் தூண்கள் இருக்கும், கடைசி நாற்காலியில் நீங்களே உட்கார்ந்து திரை தெரிகிறதா என்று பாருங்கள்.

அப்புறம் கரண்ட். ஏசி, புரொஜெக்டர், சமையலறை எல்லாவற்றையும் ஒன்றாக ஓடவிட்டு, மெயினை அணைத்து ஜெனரேட்டர் தாங்குகிறதா என்று காட்டச் சொல்லுங்கள். தயங்கினால் வேறு இடம் பாருங்கள்.

பஸ் உள்ளே திரும்புமா, ஹாலுக்குப் பக்கத்திலேயே கழிப்பறை இருக்கிறதா, வயதானவர்கள் உயரமான வாசற்படியில் ஏற முடியுமா, இதையும் பார்த்துவிடுங்கள். முகூர்த்த நாள் வேண்டாம், பக்கத்து மண்டபத்து மேளம் உள்ளே வரும். கன்னியாகுமரியை ஒட்டிய இடமென்றால் ஐயப்ப சீசனில் ரூம் கிடைப்பதே கஷ்டம், தக்கலை, பத்மநாபபுரம் பக்கம் தேடுங்கள்.